‘பில்டர் கட்டட்டும்’ என்று கையெழுத்துப் போட்ட நம்மவர்களுக்கு

அன்புள்ள அடுத்த வீட்டு, அடுத்த தெருத் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்றபோது ஒரு காகிதம் சுற்றுக்கு வந்தது. புதிதாகக் கட்டுகிறவர்களிடம் வாங்கும் இம்பாக்ட் ஃபீயை சிட்டி கவுன்சில் உயர்த்தப் போகிறது, நாம் எல்லாரும் சேர்ந்து ஆதரிக்கிறோம் என்று எழுதி, கீழே கட்டம் போட்டிருந்தது. நீட்டியவர் எனக்கு நல்ல நண்பர். “யோசிக்காதீங்க சார், நமக்கு ஒரு பைசா செலவில்ல. பில்டர் கட்டட்டும்” என்றார். எனக்கு முன்னால் 41 பேர் போட்டிருந்தீர்கள். நான் பேனாவை வாங்கி, படித்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. அங்கே நின்று விளக்கம் சொல்ல நேரமும் இல்லை, பின்னால் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அதனால் இந்த மடல்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கட்டண உயர்வுக்கு எதிரி இல்லை. அந்தக் காகிதத்துக்குத்தான் எதிரி.

இம்பாக்ட் ஃபீ என்னவென்று தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். புதிதாக ஒரு வீடோ அபார்ட்மெண்டோ கடையோ வந்தால் சாலையில் கார் கூடும், பூங்காவில் கூட்டம் கூடும், தீயணைப்பு நிலையத்துக்கு வேலை கூடும். அந்தக் கூடுதலைச் சமாளிக்கக் கட்ட வேண்டியவற்றின் செலவில் புதியவரின் பங்கு எவ்வளவோ, அதை சிட்டி ஒரே தடவையாக வாங்கிக்கொள்கிறது. கலிஃபோர்னியாவில் இதற்கான சட்டம் 1987-இல் நிறைவேறி 1989 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மிட்டிகேஷன் ஃபீ ஆக்ட் என்று பெயர். சிட்டி ஹால் ஆட்கள் இன்னமும் மசோதா எண்ணைச் சொல்லி ‘ஏபி 1600’ என்பார்கள். வரிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. பொது வரியை எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். இந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், எதற்கென்று வாங்கினார்களோ அதற்கே செலவழிக்க வேண்டும், வாங்குகிற தொகைக்கும் புதிய கட்டடத்தால் வரும் சுமைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும். காட்டுவதற்கு ஒரு ஆய்வறிக்கை வேண்டும். அதைத்தான் நெக்சஸ் ஸ்டடி என்கிறார்கள்.

சரி, என் கதை. 2018-இல் அம்மா எங்களோடு வந்து இருக்கப் போகிறார் என்பதால் பின்பக்கம் 600 சதுர அடியில் ஒரு சின்ன வீடு கட்டினேன். ஒரு படுக்கையறை, நின்றால் இரண்டு பேர் முட்டிக்கொள்ளும் சமையலறை. பெர்மிட் கவுண்டரில் நீட்டிய ரசீது வீட்டின் வரைபடத்தைவிட நீளமாக இருந்தது. வரைபடத்தைச் சரிபார்க்கும் பிளான் செக், பள்ளிக் கட்டணம், போக்குவரத்து, அப்புறம் பூங்காக்களுக்கான இம்பாக்ட் ஃபீயான பார்க் ஃபீ. எல்லாவற்றிலும் பெரியது பார்க் ஃபீதான். “எங்க அம்மா ஒருத்திக்கு இவ்வளவு பார்க்கா?” என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண்மணி சிரித்துவிட்டு, வீட்டுக்கு இவ்வளவு என்பதுதான் கணக்கு, அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை சதுர அடி என்பதெல்லாம் இல்லை என்றார். முனகிக்கொண்டே கட்டினேன்.

வந்த இரண்டாவது வாரமே அம்மா அந்தப் பூங்காவைக் கண்டுபிடித்துவிட்டார். புடவைக்கு மேல் காஸ்ட்கோ ஜாக்கெட், காலில் ஷூ, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குத்தான் திரும்புவார். ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் பெஞ்சில் நான்கு பேர். திருநெல்வேலிக்காரப் பாட்டி ஒருவர், ஒரு தெலுங்கு அம்மா, ஒரு குஜராத்தி அம்மா, எங்கள் அம்மா. பொது மொழி என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் எந்த வீட்டு மருமகள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அம்மா ஊருக்குத் திரும்பிப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன, அந்தப் பெஞ்சுக் கூட்டம் இன்னும் கூடுகிறது. அந்த மாலைகளுக்கு நான் கட்டியது அதிகம் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

(2020 ஜனவரியிலிருந்து சட்டம் மாறி, 750 சதுர அடிக்குள் கட்டும் இந்த மாதிரிச் சின்ன வீடுகளுக்கு இம்பாக்ட் ஃபீ கிடையாது என்று ஆகிவிட்டது. மூன்று வீடு தள்ளி இருக்கும் நண்பர் அதே அளவில் கட்டி, இந்தக் கட்டணம் ஒன்றுகூட இல்லாமல் முடித்தார். கிரகப்பிரவேசத்துக்குப் போய்ப் பாயசம் சாப்பிட்டேன். வயிற்றெரிச்சல் இல்லை என்று பொய் சொல்ல விரும்பவில்லை.)

இப்போது அந்தக் காகிதத்துக்கு வருவோம். கட்டணத்தை உயர்த்தினால் மூன்று நல்லது நடக்கும் என்று அதில் இருக்கிறது. பள்ளியில் நெரிசல் குறையும், ஃப்ரீவே எக்ஸிட் பக்கம் காலையில் கார்கள் தேங்கி நிற்பது சரியாகும், பூட்டிக் கிடக்கும் பார்க் கழிப்பறை திறக்கும். மூன்றும் நியாயமான ஆசைகள். மூன்றில் ஒன்றைக்கூட இந்தக் கட்டணத்தால் செய்ய முடியாது.

பள்ளி சிட்டியின் கையில் இல்லை. பள்ளி மாவட்டம் தனி அமைப்பு, அது தனியாகக் கட்டணம் வாங்குகிறது, என் ரசீதிலும் அது தனியாகத்தான் எழுதியிருந்தது. அதன் உச்சவரம்பை மாநில அளவில் ஒரு வாரியம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி அமைக்கிறது. 2024-இல் வீடுகளுக்குச் சதுர அடிக்கு 5.17 டாலர் என்று வைத்தார்கள். 1998-இல் வந்த சட்டப்படி, பள்ளி நிரம்பிவிட்டது என்ற காரணத்தைச் சொல்லி சிட்டி ஒரு வீட்டுத் திட்டத்தை மறுக்கவும் முடியாது, மேலே கேட்கவும் முடியாது. ஆக, நம் கவுன்சில் பார்க் ஃபீயை இரண்டு மடங்காக்கினாலும் மூன்றாம் வகுப்பில் ஒரு நாற்காலிகூடச் சேராது.

எக்ஸிட் நெரிசல் இன்றைக்கே இருக்கிறது. அதை உண்டாக்கியது நாம். காலை எட்டேகாலுக்கு ஒரு காரில் ஒரு ஆளாகப் போகும் நானும் நீங்களும். ஏற்கனவே இருக்கிற குறையைச் சரிசெய்யும் செலவைப் புதிதாக வருகிறவர் கட்டணத்தில் ஏற்றக் கூடாது என்று சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. புதிய வீடுகளால் எத்தனை கார் கூடுமோ அதற்கு மட்டும்தான் அவர்கள் பொறுப்பு. நம் வீட்டுக் கூரை ஒழுகுவதற்கு மாடியில் குடிவரப் போகிறவரிடம் அட்வான்ஸ் கேட்கிற கதைதான் இது.

கழிப்பறை விஷயம் இன்னும் எளிது. அது பராமரிப்பு. ஆள் போட்டுச் சுத்தம் செய்கிற செலவு, புல் வெட்டுகிற செலவு, சம்பளம் எல்லாம் பொது நிதியிலிருந்து வர வேண்டியவை. இம்பாக்ட் ஃபீயில் புதிய பூங்கா அமைக்கலாம். அதைத் திறந்து வைத்து நடத்துவதற்கு வேறு பணம் வேண்டும்.

அந்த வேறு பணம் ஏன் இல்லை என்று கேட்டால் கதை 1978 ஜூனுக்குப் போகும். ப்ரொபசிஷன் 13. வீட்டு வரி, வீட்டின் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது, வீடு கைமாறும்போதுதான் புது விலைக்கு வரும் என்று கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டார்கள். உள்ளாட்சிகளுக்கு வந்துகொண்டிருந்த சொத்து வரி ஒரே அடியில் பாதிக்கு மேல் விழுந்தது. சிறப்பு வரி போட வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்றும் ஆனது. ஓட்டுப் போடுகிறவர்களிடம் கேட்க முடியாத பணத்தை, இன்னும் ஊருக்கே வராத, ஓட்டுப் போட முடியாத ஆட்களிடம் கேட்பது சிட்டிகளுக்குச் சுலபமாகிவிட்டது. இம்பாக்ட் ஃபீ இந்த மாநிலத்தில் இவ்வளவு வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இதை என் தெருவிலேயே பார்க்கலாம். நான் 2004-இல் 5,50,000 டாலருக்கு வாங்கினேன். இன்று வரிக்கான மதிப்பு 8 லட்சம் டாலர் சொச்சம். எதிர் வீட்டை ஒரு இளம் தம்பதி போன வருஷம் 17 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். அதே பில்டர் கட்டியது, அதே தரைத்திட்டம், என் வீட்டுக்காவது ஒரு குளியலறை கூடுதல். அவர்கள் கட்டும் வரி என்னுடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தெருவிளக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரிதான் எரிகிறது. நவம்பரில் வரி பில் வந்தபோது அந்தப் பையன் சும்மா பேச்சுக்கு, “அங்கிள், உங்களுக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டான். நான் பேச்சை மழைப் பக்கம் திருப்பிவிட்டேன்.

இந்த நிலைமையில், 20 வருஷமாக மலிவு வரியில் உட்கார்ந்திருக்கிற நாம் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, புதிதாக வருகிறவனிடம் இன்னும் கொஞ்சம் வாங்கு என்கிறோம். அதற்குப் ‘பில்டர்’ என்று ஒரு பெயர் வைத்துவிட்டதால் மனசு உறுத்துவதில்லை.

பில்டர் கட்டட்டும் என்பது தமிழில் அழகான வாக்கியம். வீடு கட்டுவதற்கும் பணம் கட்டுவதற்கும் நமக்கு ஒரே சொல். நிஜத்தில் இரண்டாவது கட்டு கூடினால் முதல் கட்டு குறையும். எந்த பில்டரும் கட்டணத்தைத் தன் சட்டைப் பையிலிருந்து தருவதில்லை. இன்னும் நிலம் வாங்காதவர் என்றால் நிலக்காரரிடம் பேரம் பேசி விலையைக் குறைத்துக்கொள்வார், அங்கே நிலக்காரர் கட்டுகிறார். நிலத்தை ஏற்கனவே வாங்கியவர் வீட்டு விலையில் ஏற்றப் பார்ப்பார், அங்கே எதிர் வீட்டுத் தம்பதி மாதிரி ஆட்கள் கட்டுகிறார்கள். சந்தை அந்த விலையைத் தாங்காது என்று தெரிந்தால் திட்டத்தைச் சுருட்டி வைத்துவிடுவார். அப்போது கட்டுகிறவர், வராத வீட்டுக்காக அடுத்த வருஷமும் ஏறின வாடகையைக் கொடுத்துக்கொண்டிருக்கும் எச்-1பி பையன்.

தொகை சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். யூ.சி. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதி ஆய்வு மையமான டெர்னர் மையம் 2018-இல் ஏழு கலிஃபோர்னியா நகரங்களை எடுத்துக் கணக்குப் பார்த்தது. எல்லா வகைக் கட்டணமும் சேர்த்து ஒரு தனி வீட்டுக்கு சாக்ரமெண்டோவில் 21,000 டாலர், ஃப்ரிமாண்டில் 1,57,000 டாலர். அபார்ட்மெண்ட் வீடு ஒன்றுக்கு லாஸ் ஏஞ்சலஸில் 12,000, ஃப்ரிமாண்டில் 75,000. ஃப்ரிமாண்டின் லேக் எலிசபெத் ஏரிக்குப் போய்ப் புளியோதரை சாப்பிடாத தமிழ்க் குடும்பம் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குப் பக்கமான ‘ஈஸ்ட் பே’ பகுதியில் இருக்காது. ஃப்ரிமாண்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டின் மேல், அஸ்திவாரத்துக்கு முன்பே, ஒன்றரை லட்சம் டாலர் ஏறி உட்கார்ந்திருந்தால் அந்த வீடு யாருக்காகக் கட்டப்படும் என்று யோசித்துப் பாருங்கள். சின்னக் குடும்பத்துக்கான சின்ன வீடாக அது இருக்காது.

இதில்தான் நம் சிட்டியின் கட்டண வரைவு எனக்கு நெருடுகிறது. உயர்வைவிட, உயர்வைக் கணக்கிட்டிருக்கும் விதம். 2022 ஜூலைக்குப் பிறகு ஏற்கப்படும் நெக்சஸ் ஆய்வுகள் வீட்டுக் கட்டணத்தைச் சதுர அடி கணக்கில் போட வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. வேறு கணக்கு வேண்டுமென்றால் சிட்டி காரணம் சொல்லி விலகிக்கொள்ளலாம் என்று ஒரு கதவும் வைத்திருக்கிறது. நம் சிட்டிக்காரர்கள் அந்தக் கதவு வழியாக வெளியே வந்து, பார்க் ஃபீயை மறுபடியும் வீட்டுக்கு இவ்வளவு என்றே வைத்திருக்கிறார்கள். காரணம் என்று இரண்டு வரி இருக்கிறது. இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் புரியவில்லை.

உதாரணத்துக்கு வீட்டுக்கு 40,000 டாலர் என்று வையுங்கள். 850 சதுர அடி காண்டோவுக்கு அது சதுர அடிக்கு 47 டாலர். மலையடிவாரத்தில் 3,200 சதுர அடியில் எழும்பும் மாளிகைக்கு 12 டாலர் 50 சென்ட். எங்கள் அம்மாவின் 600 சதுர அடிக்கு நான் முனகிய அதே முனகல்தான், அளவு மட்டும் பெரியது. இந்தக் கணக்கைப் பார்க்கிற பில்டர் சின்ன வீடு கட்டுவாரா?

வழக்கு வந்தால் என்னாகும் என்பதையும் கவுன்சில் யோசிக்க வேண்டும். எல் டொராடோ கவுண்டியில் ஜார்ஜ் ஷீட்ஸ் என்பவர் தன் நிலத்தில், தொழிற்சாலையில் செய்து கொண்டுவரும் ஒரு மேனுஃபாக்சர்ட் வீட்டை வைக்க பெர்மிட் கேட்டார். சாலைக் கட்டணம் 23,420 டாலர் என்றார்கள். கட்டிவிட்டு வழக்குப் போட்டார். 2024 ஏப்ரல் 12-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: அதிகாரி தனியாகக் கேட்டாலும் சரி, சபை சட்டமாகப் போட்டுக் கேட்டாலும் சரி, அரசியல் சாசனச் சோதனையிலிருந்து தப்ப முடியாது. ஷீட்ஸ் கட்டியது அதிகமா என்று அவர்கள் சொல்லவில்லை, அதைக் கீழ்க்கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் கேட்கிற தொகைக்கும் உண்டாகும் சுமைக்கும் பொருத்தம் காட்ட முடியாத சிட்டிக்கு இது நல்ல செய்தி இல்லை. வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் பொது நிதியிலிருந்துதான் போகும். கழிப்பறையைத் திறக்க வேண்டிய அதே நிதி.

ஆகவே நான் செவ்வாய்க்கிழமை கவுன்சில் கூட்டத்துக்குப் போய்க் கேட்கப் போவது இது. கட்டணத்தை உயர்த்துங்கள், ஆனால் சதுர அடிக் கணக்கில் உயர்த்துங்கள். பணத்தை பெர்மிட் சமயத்தில் பிடுங்காமல் குடியேறும் சமயத்தில் வாங்குங்கள். சில வகை வீட்டுத் திட்டங்களுக்கு 2025 முதல் மாநிலச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது, அதை எல்லாருக்கும் விரித்தால் கட்டுகிறவருக்கு ஒன்றிரண்டு வருஷ வட்டி மிச்சம். அப்புறம், ஏற்கனவே வாங்கிய கட்டணத்தில் இருப்பு எவ்வளவு? நிதியாண்டு முடிந்து 180 நாளுக்குள் ஒவ்வொரு கட்டணத்துக்கும் தொடக்க இருப்பு, வரவு, செலவு, எந்தத் திட்டத்துக்குப் போனது என்று சிட்டி அறிக்கை வைக்க வேண்டும். ஐந்து வருஷமாகச் செலவழியாமல் கிடந்தால் எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று விளக்க வேண்டும், விளக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும். போன அறிக்கையைத் தேடி எடுத்துப் படித்தேன். பார்க் கணக்கில் நிறையவே இருக்கிறது. எந்தப் பூங்காவுக்கு, எந்த வருஷம் என்ற கட்டத்தில் ‘முடிவு செய்யப்படவில்லை’ என்று இருக்கிறது. சேர்த்து வைத்ததைச் செலவழிக்கத் தெரியாமல் இன்னும் கேட்பவரிடம், முதலில் பாஸ்புக்கைக் காட்டு என்று நம் வீட்டில்கூடக் கேட்போம்.

எக்ஸிட்டையும் கழிப்பறையையும் சரிசெய்ய வேண்டுமென்றால் நேர்வழி ஒன்றுதான், நம்மிடம் கேட்பது. பார்சல் டாக்ஸ் என்று, மனைக்கு மனை போடும் வரி ஒன்றைக் கவுன்சில் ஓட்டுக்கு விட்டால் நான் ஆம் என்று போடுவேன். வருஷா வருஷம் வலிக்கும், தெரியும். எதிர் வீட்டுப் பையனிடம் மழையைப் பற்றிப் பேசித் தப்பிப்பதைவிட அது பரவாயில்லை.

வாடகைக்கு இருக்கிறவர்களுக்கும் விசாவில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள், உங்கள் வாடகையை நீங்களே ஏற்றிக்கொள்கிற மாதிரி. நமக்கு ஓட்டில்லையே, அங்கே போய் என்ன செய்வது என்று நினைக்காதீர்கள். கவுன்சிலில் பேச சிட்டிசன்ஷிப் வேண்டாம், கிரீன் கார்டு வேண்டாம், ஐடி காட்டச் சொல்லவும் மாட்டார்கள். உள்ளாட்சிக் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று 1953-இலிருந்து இருக்கும் சட்டமான பிரவுன் ஆக்ட் பொதுமக்கள் யாருக்கும் அந்த உரிமையைத் தருகிறது. கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டா வெளியாகிவிடும். தமிழிலேயே பேசலாம். நேரம் அளந்து கொடுக்கும் கூட்டங்களில், மொழிபெயர்ப்பாளரோடு பேசுகிறவருக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று 2016-இல் சட்டம் சேர்த்தார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தைப் பெஞ்சில் சொன்னதிலிருந்து திருநெல்வேலிப் பாட்டி வருகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். கழிப்பறையைப் பற்றித்தான் கேட்பாராம். அது இந்தக் கட்டணத்தில் வராது பாட்டி என்று எவ்வளவோ சொன்னேன். “அப்ப எதுல வரும்னு அவங்களையே கேக்கேன்” என்றார். அஜெண்டாவில் இல்லாததைப் பேசவும் தனி நேரம் உண்டு, அதில் பேசட்டும். நான்தான் மொழிபெயர்க்கிறேன்.

கூட்டம் செவ்வாய் மாலை ஏழு மணிக்கு. ஆறரைக்குத் தமிழ்ப் பள்ளி வாசலிலிருந்து கிளம்புகிறேன். பாட்டியும் குஜராத்தி அம்மாவும் போக என் வண்டியில் இன்னும் நான்கு இடம் இருக்கிறது. காகிதத்தை நீட்டிய நண்பருக்கு ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
42-ஆவது கையெழுத்தைப் போடாதவன்